எந்த வெள்ளம், ஆயா? ஒரு தெருவின் கதையைச் சேகரிக்கும் முறை

எங்கள் தெருப் பெரியவர்களின் நினைவுகளைச் சேகரிக்கத் தொடங்கி இந்த ஆடியோடு ஒரு வருடம் ஆகிறது. (எங்கள் ஊர் தென்னாப்பிரிக்காவின் டர்பன், இங்கே ஆடி என்றால் குளிர்காலம். கூழ் ஊற்றும்போது எல்லாரும் ஸ்வெட்டரோடு வரிசையில் நிற்போம்.) முதல் வருடத்தில் செய்த தப்புகள் ஏராளம். நீங்களும் உங்கள் பகுதியில் தொடங்குவதாக இருந்தால் அதே குழிகளில் விழ வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லையைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியின் பெயர் சாட்ஸ்வர்த்; "சாட்ஸ்வர்த் வரலாறு" என்று ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் மூச்சு வாங்கும். ஒரு தெரு போதும். இல்லாவிட்டால் ஒரு கோயிலைச் சுற்றியுள்ள வீடுகள்.

அடுத்தது ஒலிப்பதிவு. கைபேசியே போதும், மைக் வாங்கப் போகாதீர்கள். மேசையில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் கைபேசியை வையுங்கள். ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள், நடுவில் ஒரு அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். ஒரு நிமிடம் பேசவிட்டுக் கேட்டுப் பார்த்த பிறகு தொடங்குங்கள். சமையலறைப் பக்கம் உட்காராதீர்கள். எங்கள் முதல் பதிவில் ஆயாவின் குரலைவிடக் குக்கர் விசில்தான் தெளிவு. முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம், அதற்குமேல் அவர்களுக்கும் களைப்பு, நமக்கும் கவனம் சிதறும். யாருக்கெல்லாம் இதைக் கேட்கத் தரலாம் என்று பதிவிலேயே அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

பதிவு முடிந்த அன்றே கோப்புக்குப் பெயர் வையுங்கள். நான் "ஆயா 1", "ஆயா 2" என்று வைத்துக்கொண்டே போனேன். இப்போது எது யாருடைய ஆயா என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்கவேண்டியிருக்கிறது. "2025-07-20, வீட்டு எண், பேசியவர், பொருள்" என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே தேதிப்படி நின்றுவிடும். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள்.

இனி முக்கியமான வேலைக்கு வருவோம், காலத்தைக் கண்டுபிடிப்பது. "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். பெரியவர்களுக்கு வருடம் நினைவிருக்காது. கேட்டால் மரியாதைக்காக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள், அதை நாமும் எழுதிவைத்துவிடுவோம். "அப்போ எந்த வீட்டில் இருந்தீங்க?" என்று கேளுங்கள். நம் பகுதிக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடையாது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப்பகுதிச் சட்டத்தால் வீடிழந்து, 1960களில் இங்கே குடியேற்றப்பட்டவர்கள்தான் பெரும்பாலும். டர்பனின் பழைய குடியிருப்புகளான மேகசின் பாரக்ஸில் இருந்தபோது, கேட்டோ மேனரில் இருந்தபோது, இங்கே வந்த பிறகு என்று அவர்கள் வாழ்க்கையே வீடுகளாகப் பிரிந்து கிடக்கிறது.

கூடவே ஒரு தாளில் ஊரறிந்த நிகழ்ச்சிகளை எழுதி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த ஆப்பிரிக்கர்–இந்தியர் கலவரம். 1987 செப்டம்பர் வெள்ளம். 2022 ஏப்ரல் வெள்ளம். "கலவரத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் பதில் சட்டென்று வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு ஆயா சொன்னார்: "வெள்ளம் வந்துச்சு கண்ணு, நாங்க கூரை மேல ஏறி உக்காந்தோம். படகுல வந்து எறக்கினாங்க." 1987 என்று எழுதிக்கொண்டேன். மாதங்கள் கழித்துத் திரும்பக் கேட்டபோதுதான் உறுத்தியது. அவர் சொன்ன இடம் உம்கேனி ஆற்றங்கரைத் தோட்டங்கள், தகரக் குடிசைகள். 1987இல் அவர் இருந்ததோ சாட்ஸ்வர்த்தில்! அது 1917 அக்டோபர் வெள்ளம். மாரிமுத்து படவட்டான் தலைமையில் ஆறு மீனவர்கள் படகை ஓட்டிப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்களே, அதுதான். கூரையில் ஏறியவர் ஆயா இல்லை, அவருடைய அம்மா. தாயின் கதையையும் "நாங்க" என்றே சொல்லிப் பழகிவிட்டார். அதனால் யார் "நாங்க" என்று சொன்னாலும், "நீங்க பொறந்துட்டீங்களா அப்போ?" என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குடும்பத்தின் வேரைத் தேடும் வேலையும் எப்படியும் இதோடு வந்து ஒட்டிக்கொள்ளும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் அன்றைய ஆங்கிலேயக் காலனியான நேட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் தலை சுற்றும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனிசாமி மூன்சாமி ஆகியிருப்பார், கவுண்டர் கோவெண்டர் ஆகியிருப்பார். வீட்டிலிருக்கும் பழைய ஒப்பந்த விடுதலைச் சீட்டிலோ திருமணச் சான்றிலோ அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணோடு வெஸ்ட்வில்லிலுள்ள குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுதுலி ஆவண மையத்துக்குப் போனால் பாதி வேலை முடிந்தது. எண் இல்லையென்றால் தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள்.

புகைப்படங்கள்: பின்பக்கம் பேனாவால் எழுதவே கூடாது. மிருதுவான 2பி பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், பல் இடுக்கு நூலை அடியில் விட்டு மெல்ல நகர்த்துங்கள். வரவில்லையா, பக்கத்தோடு சேர்த்துப் படமெடுத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

வருடக் கடைசியில் எல்லாவற்றையும் பரப்பிவைத்து யார் இல்லை என்று பாருங்கள். எங்கள் பதிவுகளில் கோயில் கமிட்டி, கால்பந்து, தொழிற்சங்கம் என்று ஆண்கள் குரல்தான் அதிகம். துணி ஆலைகளில் வேலை செய்த அக்காமார் ஒருவர்கூட இல்லை. காரணம் சின்னது. நாங்கள் போனதெல்லாம் ஞாயிறு காலை, அவர்கள் அடுப்படியில் இருக்கும் நேரம். இந்த வருடம் புதன் மதியம் போகிறோம்.

கடைசியாக, சேகரித்ததை ஊர் முன்னால் வையுங்கள். கூழ் ஊற்றும் நாளில் கோயில் மண்டபத்தில் ஒரு நீள மேசை போட்டுப் படங்களின் நகல்களை மட்டும் பரப்பினோம். மூலப்படங்கள் வீட்டில். என் தாத்தா என்று நான் பெயர் எழுதிவைத்த படத்தை ஒரு மாமா கையிலெடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது உன் தாத்தா இல்லப்பா. என் தாத்தா. உன் தாத்தா பின்னால நிக்கிறார், தொப்பிக்காரர்."

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு வெற்றுச் சீட்டும் பென்சிலும் வைக்க மறக்காதீர்கள்.