இருவருக்கு இசை எழுதுகிறீர்களா? முதலில் இவற்றைக் கேளுங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடி. வயலினுக்கும், எர்ஹு என்ற சீன வில் வாத்தியத்துக்குமாக நான் எழுதிய முதல் உருப்படிக்கு ஒத்திகை. சுருதி, அதாவது ச நிற்கும் இடம், 2 கட்டை (மேற்கத்திய முறையில் டி). எர்ஹுவின் இரண்டு தந்திகளை வழக்கமாக டி, ஏ என்று கூட்டுவார்கள். 2 கட்டையில் அவை அப்படியே சட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப). எவ்வளவு கச்சிதம் என்று எனக்குப் பெருமை வேறு. மோகன ராகத்தில் மந்திர ஸ்தாயிக்கு, அதாவது கீழ் ஸ்தாயிக்கு, இறங்கும் இடம் வந்ததும் எர்ஹு வாசித்தவர் வில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த டிதான் வாத்தியத்தின் அடி. அதற்குக் கீழே சுரமே கிடையாது.

எழுத உட்காரும் முன் "ஆகக் கீழே எதுவரை போகலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் 5 கட்டைக்கு (ஜி) மாற்றினோம். கீழ்த்தந்தி மந்திர பஞ்சமம் ஆனது, மேல்தந்தி சதுஸ்ருதி ரிஷபம் (ரி). இரண்டுமே மோகனத்துச் சுரங்கள். வயலினும் ஜி, டி, ஜி, டி என்று சபசப-வில் சுகமாக உட்கார்ந்தது.

அடுத்து, எழுதிக் கொடுத்த தாள். சீன வாத்தியக்காரர்கள் பலர் எண்களில் படிப்பவர்கள்: 1 என்றால் ச, 2 என்றால் ரி. மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. எல்லாம் நம்மைப் போலத்தானே என்று நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். வேகத்தை இரட்டிக்க நாம் எழுத்துக்கு மேலே கோடு போடுவோம். அவர்கள் எண்ணுக்குக் கீழே போடுவார்கள். சுரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிக்கும் கமகத்தையோ எந்தத் தாளும் சொல்லாது. எர்ஹுவில் விரல்பலகை இல்லாததால் தந்தியில் விரல் நன்றாகவே வழுகும், ஆனால் எங்கிருந்து எங்கே என்பதைப் பாடித்தான் காட்ட வேண்டும்.

இருவரையும் விடாமல் வாசிக்க வைப்பது இன்னொரு தவறு. ஒருவர் நிறுத்தினால் மேடை காலியாகிவிடும் என்ற பயம்தான், வேறென்ன. நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஒருவரைத் தனியே விட்டுப் பாருங்கள். மற்றவர் திரும்பி வருவதே ஒரு நிகழ்ச்சியாகிவிடும்.

நடனமணியோடு சேரும்போதுதான் தவறுக்கு விலை அதிகம். முடித்த பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதற்கு ஆடுங்கள்" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிமிடத்துக்கு 80 தட்டு என்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நமக்குச் சாதாரண நடை. பரதநாட்டியத்தின் அடிப்படைக் காலடியான தட்டடவில் முதற்காலத்துக்கு (முதல் வேகம்) தட்டுக்கு ஓர் அடி, இரண்டாம் காலத்துக்கு இரண்டு, மூன்றாம் காலத்துக்கு நான்கு. அதாவது முழங்கால் மடக்கிய அரைமண்டியில் இருந்தபடி நிமிடத்துக்கு 320 அடி, நொடிக்கு ஐந்துக்கும் மேல். நம் ஊர் மாடிகளில் அதுவும் பெரும்பாலும் சிமெண்டின் மேல் பதித்த டைல்ஸில், வெறுங்காலில். 60-இல் தொடங்கினால் அது 240 ஆகிறது. கால் தப்பிக்கும், தீர்மானமும் (முத்தாய்ப்பாக வரும் அடவுக் கோவை) தெளிவாக விழும்.

வேகத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். மூன்றாம் காலத்தை அவருக்கு வசதியான வேகத்தில் தட்டச் சொல்லி நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். அதை நான்கால் வகுத்து வருவதை மெட்ரோனோமில் வையுங்கள். அதற்குப் பிறகு முதல் சுரத்தை எழுதலாம்.