‘உராய்வினால் நின்றது’ என்று எழுதினால் போதுமா? விசையும் இயக்கமும் பாடத்தில் நாம் செய்யும் தவறுகள்

சாய்வுப் பலகையிலிருந்து ஒரு பொம்மைக் காரை உருளவிட்டு, வழவழப்பான தரையில் எவ்வளவு தூரம் போகிறது, துண்டு விரித்த தரையில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்கச் சொல்கிறோம். பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள், அட்டவணை போடுகிறார்கள், கூட்டி வகுத்துச் சராசரியும் எடுத்துவிடுகிறார்கள். சரி, இப்போது விளக்கம் எழுது என்றதும் நோட்டில் வருவது ஒரே வரி: ‘உராய்வினால் கார் நின்றது.’ நாமும் டிக் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறோம். முதல் தவறே அந்த டிக்தான்.

அந்த வரியை எழுத சோதனையே தேவையில்லை. பாடத்தின் தலைப்பைப் பார்த்தே எழுதிவிடலாம். இவ்வளவு நேரம் குனிந்து அளந்த அளவுகளில் ஒன்றுகூட அதில் இல்லையே! விளக்கம் என்றால் மூன்று வேண்டும்: என்ன முடிவுக்கு வந்தாய் என்ற கூற்று, எதைப் பார்த்து வந்தாய் என்ற சான்று, அந்தச் சான்று எப்படி அந்த முடிவைத் தாங்குகிறது என்ற காரணம். பிள்ளைகள் தடுமாறுவது மூன்றாவதில்தான், நாம் சொல்லிக்கொடுக்காமல் விடுவதும் அதைத்தான்.

கேள்வியிலேயே பாதிக் கோளாறு இருக்கிறது. ‘கார் ஏன் நின்றது?’ என்று கேட்டால் மனப்பாடம்தான் பதிலாக வரும். ‘எந்தத் தரையில் அதிக தூரம் போனது, அதற்குத் தரைதான் காரணம் என்று எப்படிச் சொல்வாய்?’ என்று கேட்டுப் பாருங்கள், அட்டவணையைத் திருப்பிப் பார்க்காமல் பதில் எழுத முடியாது.

அடுத்தது, கூற்று, சான்று, காரணம் என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. கட்டங்கள் நிரம்பிவிடும். ஆனால் உள்ளே இப்படி இருக்கும். கூற்று: வழவழப்பான தரையில் கார் அதிக தூரம் போனது. சான்று: துண்டில் குறைவாகப் போனது. காரணம்: ஏனென்றால் வழவழப்பான தரையில் அதிக தூரம் போனது. ஒரே விஷயம்தான் மூன்று கட்டத்திலும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை, நல்ல விளக்கம் எப்படி இருக்கும் என்று அது கண்ணால் பார்த்ததே இல்லை. நாமே ஒன்றை எழுதிக் காட்ட வேண்டும், அதுவும் கரும்பலகையில், வாய்விட்டு யோசித்துக்கொண்டே:

‘துண்டைவிட வழவழப்பான தரை காரைக் குறைவாகத் தடுக்கிறது. மூன்று முறை விட்டதில் வழவழப்பான தரையில் 140, 138, 145 செ.மீ. போனது, சராசரி 141. துண்டில் 51, 48, 54 செ.மீ., சராசரி 51. இரண்டிலும் ஒரே காரை ஒரே உயரத்திலிருந்து விட்டதால் பலகையின் அடியில் அதன் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். பலகையை விட்டு இறங்கியபின் முன்னோக்கித் தள்ள எதுவும் இல்லை. இயக்கத்துக்கு எதிர்த்திசையில் உராய்வு மட்டும் இழுக்கிறது. அந்த இழுப்பு பெரிதாக இருந்தால் வேகம் சீக்கிரம் குறையும், கார் குறைந்த தூரத்தில் நிற்கும். துண்டில் நடந்தது அதுதான்.’

‘ஒரே உயரத்திலிருந்து விட்டதால்’ என்ற இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை, ‘துண்டுக்கு வந்தபோது கார் மெதுவாக வந்திருக்கலாமே’ என்று கேட்டுவிடும். கேட்கவும் வேண்டும். பலகையின் உயரத்தையும் தரையையும் சேர்த்து மாற்றிவிட்டு வந்த குழு எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்த விளக்கம் நிற்காது. அதை எழுதும்போது கண்டுபிடித்தால், திரும்பப் போய்ச் செய்ய நேரம் கொடுங்கள்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. ‘காருக்குள் இருந்த விசை தீர்ந்துவிட்டது, அதனால் நின்றது.’ இதை எழுதாத வகுப்பு கிடையாது. விசையை ஏதோ டேங்கில் ஊற்றிய எண்ணெய் மாதிரி பிள்ளைகள் நினைக்கிறார்கள். சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘உராய்வு’ என்று மேலே எழுதினால், அடுத்த முறை உராய்வு என்று எழுதிவிட்டு மனத்துக்குள் அதையேதான் நினைப்பார்கள். எறிந்த பொருளுக்குள் ஏதோ ஒரு உந்துதல் தங்கியிருந்து மெல்லத் தீர்கிறது என்று நூற்றாண்டுக்கணக்கில் அறிஞர்களே நம்பியிருக்கிறார்கள், ஆகவே இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கக் கூடாது. பந்தை மேலே எறிந்துவிட்டுக் கேளுங்கள்: கையை விட்டபின் பந்தைத் தள்ளுவது யார்? ஒவ்வொரு விசைக்கும் ‘எது, எதன் மீது’ என்று இரண்டு பெயர் எழுதச் சொல்லுங்கள். பூமி, பந்தின் மீது. காற்று, பந்தின் மீது. கை என்று எழுத வரும்போது பென்சில் தயங்கும், கைதான் பந்தைத் தொடவே இல்லையே! உச்சியில் பந்தின் வேகம் ஒரு கணம் பூஜ்ஜியம் ஆனாலும் புவியீர்ப்பு அப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதும் இந்தப் பழக்கத்தில்தான் பிடிபடும்.

அளக்க முடியாததை அளக்கச் சொல்வதும் ஒரு தவறு. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்துக்குச் சுமார் 0.45 நொடி ஆகிறது. ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் விரலே 0.2 நொடி அளவுக்குத் தாமதிக்கும். அந்த எண்களை வைத்து எதை விளக்குவது? கலிலியோவுக்கும் இதே சிக்கல்தான், அதனால்தான் பந்துகளைச் சாய்வில் உருட்டி இயக்கத்தை மெதுவாக்கி, வடிந்த தண்ணீரை எடை போட்டு நேரத்தைக் கணக்கிட்டார். வகுப்பிலும் சாய்வுப் பலகைதான் நல்லது, இல்லையென்றால் இரண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து ஒன்றாக விட்டு எது முதலில் தரையைத் தொடுகிறது என்று மட்டும் பார்க்கலாம்.

அப்புறம் மதிப்பெண். ஒரு பிள்ளை புத்தகத்தையும் ஒரு தாளையும் ஒன்றாக விட்டுப் பார்த்து, ‘புத்தகம் முதலில் விழுந்தது, ஐந்து முறையும் அப்படித்தான், அதனால் கனமானது வேகமாக விழும்’ என்று எழுதுகிறது. இன்னொன்று எதையும் பார்க்காமல் ‘எல்லாப் பொருளும் ஒரே முடுக்கத்தில் விழும்’ என்று பாடநூலிலிருந்து எழுதுகிறது. இரண்டாவதற்கு முழு மதிப்பெண், முதலாவதற்குப் பூஜ்ஜியம் என்றால், பார்த்ததை எழுதாதே என்றுதான் நாம் கற்றுக்கொடுக்கிறோம். முதல் பிள்ளை தன்னிடம் இருந்த சான்றை மதித்திருக்கிறது, சான்று போதவில்லை, அவ்வளவுதான். அதே தாளைக் கசக்கி உருண்டையாக்கி மறுபடி விடச் சொல்லுங்கள். எடை மாறவில்லை, ஆனால் இப்போது ஏறக்குறைய புத்தகத்தோடு சேர்ந்தே விழுகிறது. எடைதான் காரணம் என்றால் இது நடந்திருக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளையே சொல்லும்போது, ‘வேறு காரணம் ஏன் பொருந்தாது’ என்று எழுதும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்ட காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். காற்று இல்லாத இடத்தில் இரண்டும் சேர்ந்து விழும். முதலிலேயே காட்டிவிட்டால் அது இன்னொரு மனப்பாட வரி ஆகிவிடும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஒத்துவராத அளவைச் சத்தமில்லாமல் அழிக்க விடாதீர்கள், ‘நான்காவது முறை கார் சுவரில் மோதியது, அதனால் சேர்க்கவில்லை’ என்று எழுதட்டும். இரண்டு தரையைச் சோதித்துவிட்டு ‘எல்லா’ என்று எழுதினால் வட்டமிட்டுக் கேளுங்கள். ‘இதிலிருந்து எனக்குத் தெரிவது…’ போன்ற தொடக்க வரிகளை முதல் சில வாரம் கொடுங்கள், பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள், வருடம் முழுக்க வைத்திருந்தால் அதுவே ஊன்றுகோலாகிவிடும்.

முதல் முறை எழுதியதோடு நிறுத்திவிடவும் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் நோட்டைக் கொடுத்து, ‘இந்த அளவுகள் எப்படி இந்த முடிவைக் காட்டுகின்றன?’ என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பதில் நோட்டில் இல்லாமல் வாயில் வந்தால், வாயில் வந்ததை அப்படியே அடியில் எழுதச் சொன்னால் போதும்.