பழைய தேதி போட்ட ஃபைலில் கை வைக்காதீர்கள்: வீட்டு சர்வரில் விஎம் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ரேம் கூட்டி, எஸ்எஸ்டி மாட்டி, டெபியனோ உபுண்டுவோ ஏற்றி, கேவிஎம் என்ற லினக்ஸ் வசதியில் விஎம் (ஒரு கம்ப்யூட்டருக்குள் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓடுவது) ஓட்டுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. பயோஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் பண்ண மறப்பது, ஐஎஸ்ஓ ஃபைலை கண்ட இடத்தில் வைத்துவிட்டு பர்மிஷன் எரர் வந்ததும் முழிப்பது மாதிரியான சங்கதிகளை விட்டுவிடுகிறேன். எரர் மெசேஜே பாதி வழி சொல்லிவிடும். எரர் காட்டாமல் கழுத்தறுக்கிற தவறுகள்தான் இங்கே. இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாருமே ஒரு காலத்தில் செய்தவைதான். புதிதாக வரும் தம்பிகளும் வரிசை மாறாமல் அதையே செய்துவிட்டுப் போன் போடுகிறார்கள்.

லிஸ்ட் காலியாக வந்தால்

விஎம்களை நிர்வகிக்கும் கட்டளை விர்ஷ். அதில் "விர்ஷ் லிஸ்ட் --ஆல்" அடித்தால் ஒன்றுமே வராது. நேற்று வரை ஓடிய விஎம் எல்லாம் காணோமே என்று பதறி, அதே பெயரில் புதிதாக இன்ஸ்டால் பண்ண உட்காருவார்கள். விஎம் எங்கும் போகவில்லை. சாதாரண யூசராக விர்ஷ் கொடுத்தால், பல இடங்களில் அது அந்த யூசருக்கென்று தனியாக இருக்கும் செஷன் இணைப்பைத்தான் பார்க்கும். விஎம்கள் இருப்பது சிஸ்டம் இணைப்பில். சூடோ போட்டுப் பாருங்கள், அல்லது விர்ஷுக்குப் பின்னால் வேலை செய்யும் லிப்வர்ட்டின் டீஃபால்ட் இணைப்பை சிஸ்டம் என்று ஷெல் செட்டிங்கிலேயே எழுதிவிடுங்கள்.

டெஸ்ட்ராய்

விர்ஷின் இந்தக் கட்டளைக்குப் பெயர்தான் பயங்கரம். பிளக்கைப் பிடுங்குவது மட்டுமே அதன் வேலை, டிஸ்க்கைத் தொடாது. நிஜமாகவே அழிப்பது "அண்டிஃபைன் --ரிமூவ்-ஆல்-ஸ்டோரேஜ்".

ஸ்னாப்ஷாட் எடுத்தாயிற்று, இனி பயமில்லை

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். சுற்றி வளைத்துத்தான் சொல்லவேண்டும்.

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு பனியன் யூனிட். கணக்கு எல்லாம் ஒரு விண்டோஸ் விஎம்மில். அது ஓடுவது ஓனர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சர்வரில். பார்த்துக்கொள்வது ஓனரின் மகன், கல்லூரி முடித்த கெட்டிக்காரப் பையன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போன் வந்தது.

"அண்ணா, டிஸ்க் ஃபுல்லாயிருச்சுங்க. பழைய ஃபைல் ஒண்ணு கெடந்துது, அழிச்சேன். அழிச்சும் எடமே கூடலீங்க. சரின்னு சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுனேன். இப்ப விஎம் ஏறவே மாட்டேங்குதுங்கண்ணா."

அவர் சொன்ன ஐந்து வாக்கியத்திலேயே முழுக்கதையும் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் விண்டோஸ் அப்டேட் போடுவதற்கு முன்னால், "ஸ்னாப்ஷாட்-கிரியேட்-ஆஸ்" கட்டளையை "டிஸ்க்-ஒன்லி" என்று கொடுத்து, "அப்டேட்டுக்கு-முன்" என்று பெயர் வைத்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறார். அப்டேட் நன்றாகவே முடிந்தது. ஸ்னாப்ஷாட்டை மறந்துவிட்டார்.

இந்த வகை ஸ்னாப்ஷாட் எதையும் காப்பி எடுப்பதில்லை. இருக்கும் டிஸ்க் ஃபைலை அப்படியே உறைய வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு புது ஃபைலைத் திறக்கும். அன்றிலிருந்து விஎம் எழுதுவதெல்லாம் புதியதில்தான் போய் விழும். மாறாத பகுதிகளைப் படிக்க மட்டும் பழையதைத் திறக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு டிஸ்க். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதை வைத்து நாக்கு வழிக்கக்கூட முடியாது.

இப்போது டிஸ்க் ஃபைல்கள் இருக்கும் இமேஜஸ் டைரக்டரியில் "எல்எஸ் -எல்" அடித்தால் என்ன தெரியும் என்று பாருங்கள். முதல் ஃபைல் "அக்கவுண்ட்ஸ்.கியூகவ்2", பெரிய சைஸ், தேதி பல மாதம் பழையது. இரண்டாவது "அக்கவுண்ட்ஸ்.அப்டேட்டுக்கு-முன்", தேதி இன்றையது. ஸ்னாப்ஷாட்டுக்கு வைத்த பெயரைத்தான் லிப்வர்ட் புது ஃபைலின் வாலில் ஒட்டும். ஆக "அப்டேட்டுக்கு முன்" என்று பெயர் தாங்கிய ஃபைலில் இருப்பது அப்டேட்டுக்குப் பின் நடந்த எல்லாம். அஸ்திவாரமாக இருக்கும் ஃபைலோ யாரும் மாதக்கணக்கில் தொடாத குப்பை மாதிரி தெரிகிறது. பெயரைப் பார்த்து அழிப்பவர் இரண்டாவதை அழிப்பார், தேதியைப் பார்த்து அழிப்பவர் முதலாவதை அழிப்பார். நம்ம தம்பி தேதியைப் பார்த்தார்.

அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை இயக்கும் கியூஎமு ப்ராசஸ் அந்த ஃபைலைத் திறந்து கையில் வைத்திருக்கும். "ஆர்எம்" கொடுத்ததும் பெயர் மறையும், ஆனால் கடைசிப் பிடி விடும்வரை டேட்டா டிஸ்க்கிலேயே இருக்கும். "டிஎஃப்" அடித்தபோது இடம் கூடாததற்குக் காரணம் அதுதான். அந்த நிமிஷத்தில் "எல்எஸ்ஓஎஃப் +எல்1" அடித்திருந்தால் அழிக்கப்பட்டும் திறந்திருக்கிற ஃபைலாக அது பட்டியலில் வந்திருக்கும். /ப்ராக் கீழே அந்த ப்ராசஸ் எண்ணின் எஃப்டி டைரக்டரியிலிருந்து வெளியே ஒரு யூஎஸ்பி டிஸ்க்குக்கு "சிபி" பண்ணியிருக்கலாம். அஸ்திவார ஃபைலில் விஎம் எழுதுவதில்லை என்பதால் காப்பியும் சுத்தமாக வந்திருக்கும். இடம் ஏன் கூடவில்லை என்று யோசிக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்தார். பிடி விட்டது, எஸ்எஸ்டியில் அழித்த இடத்தைத் துடைக்கும் ட்ரிம்மும் ஓடிவிட்டது, மீட்க எதுவும் மிஞ்சவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். நோட்டில் எழுதிக் கொடுத்துச் சமாளித்தார்கள். ஆடிட்டரிடம் இருந்த மார்ச் மாத டேட்டாவை வாங்கி, அதற்கு மேல் பில் புக்கையும் டெலிவரி சலானையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினார்கள்.

பையனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். செட்டப் சொல்லித்தரும் வீடியோக்களில் "முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கோங்க, சேஃப்" என்று சொல்லும் ஆட்கள், அதை எப்படி முடித்து வைப்பது என்று வாய் திறப்பதில்லை. முடிக்கும் வழி இதுதான்: "டாம்பிளாக்லிஸ்ட்" (domblklist) அடித்து விஎம் இப்போது எந்த ஃபைலில் ஓடுகிறது என்று பாருங்கள். "கியூஎமு-இமேஜ் இன்ஃபோ --பேக்கிங்-செயின்" கொடுத்தால் எது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று முழு வரிசையும் வரும். விஎம் ஓடும்போது பார்ப்பதாக இருந்தால் கூடவே பெரிய எழுத்து "-யூ" வேண்டும். பிறகு "பிளாக்கமிட்", அதனுடன் "--ஆக்டிவ் --பிவட்". புதியதில் இருப்பது பழையதற்குள் இறங்கி, விஎம் மறுபடி பழைய ஃபைலிலேயே ஓடும். "டாம்பிளாக்லிஸ்ட்" மறுபடி அடித்து உறுதி செய்த பிறகுதான் மிஞ்சிய ஃபைலை அழிக்க வேண்டும். அப்புறம் "ஸ்னாப்ஷாட்-டிலீட்" கட்டளையை "--மெட்டாடேட்டா" சேர்த்துக் கொடுத்துப் பதிவையும் நீக்குங்கள்.

இதை டிஸ்க் நிறைவதற்கு முன்னால் செய்யவேண்டும். இறக்கும்போது பழைய ஃபைல் வீங்கும், அதற்கு இடம் வேண்டும். ஃபுல் ஆன பிறகு பிளாக்கமிட் கொடுத்தால் நடுவழியில் நிற்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஒரு ஸ்னாப்ஷாட் உயிரோடு இருந்தால் என் கணக்கில் அது கோளாறுதான்.

பேக்கப் என்பது வேறு. விஎம்மை ஷட்டவுன் பண்ணி, டிஸ்க் ஃபைலையும் "டம்ப்எக்ஸ்எம்எல்" கொடுத்து வரும் விஎம் செட்டிங் ஃபைலையும் இன்னொரு டிஸ்க்கில் வையுங்கள். அதே எஸ்எஸ்டியில் வேறு ஃபோல்டரில் வைத்துவிட்டு பேக்கப் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

இல்லாத இடத்தைப் பங்கு போடுவது

500 ஜிபி டிஸ்க்கில் 200 ஜிபி என்று நான்கு விஎம். கியூகவ்2 வகை டிஸ்க் ஃபைல் எழுத எழுதத்தான் வளரும் என்பதால் முதல் ஆறு மாதம் எல்லாம் ஜோராக ஓடும். ஹோஸ்ட் டிஸ்க் நிறைந்த அன்று விஎம் உறைந்து நிற்கும், உள்ளே இருக்கிறவருக்கு ஹேங் ஆன மாதிரி தெரியும். உடனே ரீசெட் பண்ணாதீர்கள். "டாம்ஸ்டேட் --ரீசன்" அடித்தால் ஐ/ஓ எரர் காரணமாக பாஸ் ஆகியிருக்கிறது என்று வரும். ஹோஸ்ட்டில் இடம் உண்டாக்கி "ரெஸ்யூம்" கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இடம் உண்டாக்க எதை அழிக்கக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டேன்.

வைஃபை மேல் பிரிட்ஜ்

விஎம்களை வீட்டு நெட்வொர்க்கில் நேரடியாகச் சேர்க்கும் பிரிட்ஜ் வைஃபை மேல் ஆகாது. கேபிள் இழுங்கள்.

வெளியூரில் இருந்துகொண்டு நெட்வொர்க்கை மாற்றுவது

பொள்ளாச்சியில் கல்யாண வீட்டில் உட்கார்ந்து ஈரோட்டில் இருக்கும் சர்வருக்கு எஸ்எஸ்எச் போட்டு பிரிட்ஜ் மாற்றினால், அடுத்த போன் அம்மாவுக்குத்தான். "அந்த டப்பால பெரிய பட்டன் இருக்கும் பாருங்கம்மா." தவிர்க்கவே முடியாது என்றால் முதலில் "ஷட்டவுன் -ஆர் +10" கொடுத்துவிட்டு, கான்ஃபிக் ஃபைலைத் தொடாமல் "ஐபி" கட்டளைகளால் மட்டும் மாற்றிப் பாருங்கள். இணைப்பு அறுந்தால் பத்து நிமிஷத்தில் சர்வர் பழைய செட்டிங்கில் எழுந்து வரும். சரியாக வந்தால் "ஷட்டவுன் -சி".

இன்வெர்ட்டர் இருக்கிறதே

மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும்தான், ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்ல பெரும்பாலும் அதில் வழி இல்லை. மத்தியானம் எல்லா விஎம்மும் ஒரே நொடியில் விழும். யூஎஸ்பி கேபிள் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்றை இடையில் வைத்து, யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் மென்பொருளைப் போட்டுவிட்டால் பேட்டரி குறைந்ததும் சர்வர் தானே ஷட்டவுன் ஆகும். அப்போது விஎம்களை ஒழுங்காக மூடும் வேலை "லிப்வர்ட்-கெஸ்ட்ஸ்" சர்வீஸுடையது, அது எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்ததும் தானே எழ வேண்டிய விஎம்களுக்கு "விர்ஷ் ஆட்டோஸ்டார்ட்" கொடுத்திருக்க வேண்டும். டிஸ்க் கேஷை "அன்சேஃப்" என்று வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள், வேகம் கூடுகிறதே என்று பார்க்காதீர்கள்.

ரேம்

விஎம் சொல்லாமல் கொள்ளாமல் செத்துக் கிடந்தால் "ஜர்னல்சிடிஎல் -கே" பாருங்கள். ஹோஸ்ட்டுக்கு ரேம் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் விஎம்களுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பீர்கள், கெர்னல் பெரியதாகப் பார்த்து ஒன்றைக் கொன்றிருக்கும்.

எக்ஸ்எம்எல் ஃபைலை நேரடியாகத் திருத்துவது

"விர்ஷ் எடிட்" எதற்கு இருக்கிறது?