மெரிக்கன் குடும்பத்தார் வேர் தேடுவது எப்படி?

'நீ அமெரிக்கனா?' என்ற கிண்டலைக் கேட்காத மெரிக்கன் பிள்ளை பினாங்கில் இருக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மெரிக்கன் என்பது தமிழ் முஸ்லிம் கடல் வணிகர்களின் மரைக்காயர் என்ற பட்டம்தான். ஆங்கிலப் பதிவேடுகளில் ஏறும்போது உருமாறிவிட்டது. மரக்கலம் என்பதிலிருந்து வந்தது என்பார்கள், கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லைக் காட்டுவோரும் உண்டு. எப்படியும் கடலோடிகள்தான்.

பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை என்று கரை நெடுக மரைக்காயர்கள் இருந்தார்கள். ஒரே பட்டம் என்பதால் ஒரே குடும்பம் ஆகிவிடாது. 1600-இல் போர்த்துக்கீசியர் கோவாவில் கொன்ற, கோழிக்கோட்டு சாமூதிரியின் கடற்படைத் தலைவர் நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரின் வாரிசு நாங்கள் என்று கல்யாண மேடையில் பேசுவதற்கு முன்னால், உங்கள் ஊர் எது என்று கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஊரைக் கண்டுபிடிக்க வயதான மாமிமார்களிடம் போங்கள். "நம்ம பூர்வீகம் என்ன?" என்று கேட்டால் "இந்தியா" என்று முடித்துவிடுவார்கள். வாப்பாவின் வாப்பா ஊருக்குக் கடிதம் போட்ட முகவரி எது, கந்தூரிக்கு எங்கே பணம் அனுப்பினார், எந்த தர்காவில் நேர்ச்சை வைத்தார் என்று கேளுங்கள். இஸ்லாமியச் சட்ட மரபுகளில் அவர் ஷாஃபி முறையில் தொழுதாரா ஹனஃபி முறையிலா என்பதும் முக்கியம். மரைக்காயர்கள் பொதுவாக ஷாஃபி, தமிழ் முஸ்லிம்களில் இன்னொரு பிரிவான ராவுத்தர்கள் ஹனஃபி. இன்றைய தலைமுறையைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் எல்லோரும் ஷாஃபிதான்.

அடுத்தது எழுத்து. ஆங்கிலத்தில் 'எம்'முக்குப் பின்னால் 'இ' வரும், 'ஏ' வரும். கடைசியில் 'என்' வரும், 'ஆர்' வரும். மெரிக்கன், மரிக்கான், மரிக்கார் மூன்றையும் தேடுங்கள். அண்ணன் ஒரு எழுத்து, தம்பி வேறு எழுத்து என்று இருப்பது சாதாரணம். பழைய ஜாவியில், அதாவது மலாயை எழுதும் அரபு எழுத்தில், குறில்களைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள் என்பதால், மீசான் கல்லில் (கல்லறைக் கல்லில்) மெரிக்கனும் மரிக்கானும் ஒரே மாதிரி தெரியலாம். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் எங்கே பார்ப்பது? கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் காதர் மொஹிதீன் தலைமையில் உருவானது, அவரும் மெரிக்கன்தான். சூலியா ஸ்ட்ரீட்டில் நூர்தீன் குடும்பத்தின் அடக்கத்தலம் இருக்கிறது. ஆனால் பெரிய வீட்டு ஆட்களின் கல்லறையில் உங்கள் பாட்டனார் இருக்கமாட்டார். உங்களுக்கு உதவக்கூடியது வக்பு (அறக்கொடை) பத்திரமும் உயிலும். வாரிசுகளின் பெயர்கள் வரிசையாக இருப்பது அவற்றில்தான். 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி முஸ்லிம், இந்து அறநிலையங்களைக் கவனிக்க வாரியம் அமைந்தது. அந்தக் காலத்து வக்பு என்றால் அந்த வழியாகத் தேடிப் பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது, 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' 1845 முதல். கப்பல் வரவு, நில ஏலம், சொத்து வழக்கு: இந்த மூன்றில் நம் ஆட்கள் அடிக்கடி தலைகாட்டுவார்கள். வழக்கு நிறையவே.

மலேசியாவில் எத்தனை மெரிக்கன்கள்? குடும்பப் பெயரை எண்ணிச் சொல்லும் இணையதளங்களை நான் நம்புவதில்லை. அவை பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். இங்கே 'பின்' (மகன்) என்பதற்குப் பிறகு வருவது தகப்பன் பெயர். மெரிக்கன் அதற்கு முன்னால் மட்டும் நின்றால் கணக்கில் விழாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்கும், பட்டத்தைக் கேட்காது. மலாய்க்காரர்களோடு மண உறவு கொண்டு ஜாவி பெரானாக்கான் என்ற கலப்புச் சமூகமாக ஆன குடும்பங்களில் பலர் இன்று மலாய்க்காரர்களாகவே பதிவாகியிருக்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 160-ஆவது பிரிவு முக்கியமாக மதம், மொழி, வழக்கம் ஆகியவற்றை வைத்து மலாய்க்காரர் யார் என்று சொல்கிறது.

குடும்ப மரம் வரையும்போது பெண்மக்களின் வழியைத் தனித்தாளில் எழுதுங்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு மெரிக்கன் பெரும்பாலும் தொடராது. பாதிக் குடும்பம் காணாமல் போவது அங்கேதான்.