டொரன்டோவில் வீடு தேடும் தன்பாலீர்ப்பாளருக்கு: ஏரியாவுக்கு முன்னால் அடுப்பைப் பாருங்கள்

டொரன்டோவில் கே ஆட்களுக்குத் தோதான ஏரியா எது என்று யாரைக் கேட்டாலும் நகர மையத்தின் கே வட்டாரமான "சர்ச்–வெல்லஸ்லி"யைத்தான் சொல்வார்கள். தப்பான பதில் இல்லை, பாதிப் பதில். பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்பது ஒன்டாரியோ மாகாண மனித உரிமைச் சட்டத்தில் 1986-லேயே ஏறிவிட்டது. சர்ச் தெருவுக்கும், தமிழர் நிறைந்த கிழக்குப் பக்கத்து ஸ்காபரோவுக்கும் அதே சட்டம்தான். அதனால் வானவில் கொடி எங்கே பறக்கிறது என்பது இரண்டாம் பட்சம். சமையலறையை யாரோடு பங்குபோடுகிறோம், பஸ் நிறுத்தத்தில் யார் முகத்தில் விழிக்கிறோம் என்ற இரண்டும்தான் அன்றாடத்தைத் தீர்மானிக்கும்.

விசா, சின் (சமூகக் காப்பீட்டு) எண், வங்கிக் கணக்கு எல்லாம் தயார் என்று வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வருகிறேன்.

படி 1: வரைபடத்தில் மூன்று புள்ளி

முதல் புள்ளி, வேலை அல்லது கல்லூரி. இரண்டாவது, அடிக்கடி போக விரும்பும் இடம். பலருக்கு அது சர்ச் தெரு 519-ஆம் எண் கட்டடத்தில் இயங்கும் 'தி 519' சமூக மையமாக இருக்கும். மூன்றாவது, யார் கண்ணில் படக் கூடாதோ அவர்கள் புழங்கும் இடம். வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டவர்களுக்கு மூன்றாவது தேவையில்லை. சொல்லாதவர்களுக்கு அதுதான் முக்கியம். சித்தப்பா வீடு எங்கே என்று மட்டும் பார்த்தால் போதாது. அவர் சனிக்கிழமை காய்கறி வாங்கும் தமிழ்க் கடை, போகும் கோயில், பிள்ளைகளை விடும் டியூஷன் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் புள்ளி. மார்க்கம் சாலையில் எக்ளின்டன், லாரன்ஸ் சந்திப்புகளிலும், வடக்கே ஸ்டீல்ஸ் பக்கத்திலும் தமிழ்க் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன.

இனி மூன்று புள்ளிகளையும் நேரத்தால் இணையுங்கள், கிலோமீட்டரால் அல்ல. ஸ்காபரோவின் கென்னடி நிலையத்தில் சுரங்க ரயிலின் 2-ஆம் தடத்தில் ஏறி, ப்ளூர்–யங்கில் 1-ஆம் தடத்துக்கு மாறினால் தெற்கே அடுத்த நிறுத்தமே வெல்லஸ்லி. பிரெஸ்டோ அட்டையில் ஒரு முறை தட்டினால் 3.30 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் பஸ்ஸோ ரயிலோ மாறிக்கொள்ளலாம். சிக்கல் கென்னடிக்குக் கிழக்கே. அங்கே ஓடிய 3-ஆம் தடம் 2023 ஜூலையில் தடம் புரண்ட பிறகு மறுபடி திறக்கவே இல்லை, பஸ்தான். 'ஸ்காபரோ சென்டர், சப்வே பக்கம்' என்று பழைய வாசகத்தையே வெட்டி ஒட்டிய விளம்பரத்தைக் கண்டால் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாரும் காலை 8 மணிப் பயணத்தைத்தான் சோதிக்கிறார்கள். சர்ச் தெருவுக்குப் போய் வர வீடு தேடுபவர் சோதிக்க வேண்டியது சனிக்கிழமை நள்ளிரவு தாண்டிய பயணத்தை. கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தை ஞாயிறு அதிகாலை 2:15 என்று வைத்துத் தேடுங்கள். சுரங்க ரயில் அதற்குள் நின்றிருக்கும், ஞாயிறு காலை சுமார் 8 மணிக்குத்தான் திரும்ப ஓடும். இடையில் இருப்பவை 300, 320 போன்ற இரவுப் பேருந்துகள். பகலில் 50 நிமிடம் ஆகும் வீடு இரவில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். திட்டமிட கூகுள் நல்லது. அன்றாடம் அடுத்த பஸ் எப்போது என்று பார்க்க 'ட்ரான்சிட்' ஆப் எவ்வளவோ மேல்.

படி 2: ஏரியாக்கள், சுருக்கமாக

சர்ச்–வெல்லஸ்லி, அதாவது 'வில்லேஜ்', சர்ச் தெருவில் ஏறத்தாழ கார்ல்டனுக்கும் ப்ளூருக்கும் இடைப்பட்ட பகுதி. மதுக்கடைகள், 519, அதையொட்டி எய்ட்ஸ் நினைவுச் சின்னம் உள்ள பார்பரா ஹால் பூங்கா என்று எல்லாம் நடை தூரத்தில். வாடகை அதிகம், வார இறுதியில் சத்தமும் அதிகம். தெருவைப் பார்த்த ஜன்னலா, பின்பக்கமா என்று கேட்காமல் எடுக்காதீர்கள்.

அங்கிருந்து கிழக்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் செயின்ட் ஜேம்ஸ் டவுன். நெருக்கிக் கட்டிய உயர்மாடிகள், வாடகை ஓரளவு குறைவு, லிஃப்ட் தொல்லை. இணையப் பட்டியல்கள் சொல்லாத ஒன்று: முதலில் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறிய இடம் இது, இன்னும் பலர் இருக்கிறார்கள். வில்லேஜுக்குப் பக்கம் என்று அங்கே போய், லிஃப்டில் ஊர்க்காரரிடம் மாட்டிக்கொள்வது நடக்கக்கூடியதுதான்.

லெஸ்லிவில் ஜோடிகளுக்கும் குழந்தை உள்ளவர்களுக்கும் பிடிக்கும். குவீன் வெஸ்ட், பார்க்டேல் பக்கம் இளைஞர்கள், கலைஞர்கள். ஸ்காபரோ என்றாலே வேண்டாம் என்று சொல்வது சோம்பேறித்தனமான அறிவுரை. உறவுக்காரர் தொடர்பு இல்லாதவருக்கும், எல்லாரிடமும் சொல்லிவிட்டவருக்கும் தனி வாசல் உள்ள ஸ்காபரோ வீடு நன்றாகவே அமையும். இட்லி மாவுக்கு ஒரு மணி நேரம் அலைய வேண்டாம்.

டொரன்டோ போலீஸ் வெளியிடும் வெறுப்புக் குற்றத் தரவை வைத்து ஏரியாவை முடிவு செய்யாதீர்கள். பாலின ஈர்ப்பைக் குறிவைத்த சம்பவங்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்தான். ஆனால் நகர மையத்தில் எண் கூடுதலாக இருந்தால், அங்கே கூட்டம் அதிகம், வெளிப்படையாக வாழ்பவர்கள் அதிகம், புகார் கொடுப்பவர்களும் அதிகம் என்பதும் அதில் கலந்திருக்கும். புகாரே கொடுக்காத தெரு பாதுகாப்பான தெரு ஆகாது.

படி 3: அடுப்பு யாருடையது?

தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மலிவான வீடு என்று தேடும்போது முதலில் மாட்டுவது பேஸ்மென்ட், அதாவது தனி வீட்டின் நிலத்தடித் தளம். (தமிழில் தேடுபவர்கள் ரொறன்ரோ, ஸ்காபறோ என்ற எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். ஈழத் தமிழர் விளம்பரங்கள் அப்படித்தான் இருக்கும்.) வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் குடியிருந்து, சமையலறையையோ குளியலறையையோ உங்களோடு பகிர்ந்துகொண்டால் இரண்டு சட்டங்கள் கைவிட்டுப் போகின்றன. மனித உரிமைச் சட்டத்தின் 21(1) பிரிவுப்படி அந்த வீட்டில் பாகுபாடு காட்டினாலும் அது மீறல் ஆகாது. வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி நீங்கள் சட்டப்படியான வாடகைதாரரே இல்லை. 'இங்கே இப்படி இருக்கக் கூடாது, நாளைக்கே கிளம்பு' என்றால் வாடகைத் தீர்ப்பாயம் உங்கள் வழக்கை எடுக்காது.

நுணுக்கங்கள் உண்டு. வாடகைச் சட்டம் கணக்கில் எடுப்பது உரிமையாளர், அவர் துணை, இவர்களின் பிள்ளைகள், பெற்றோர். உரிமையாளரின் மச்சான் மேல்மாடியில் இருப்பதால் மட்டும் பாதுகாப்பு போகாது. இன்னொரு வாடகைதாரரோடு சமையலறையைப் பகிர்வதும் இதில் வராது. துணி துவைக்கும் எந்திரம் பொதுவாக இருந்தால் பிரச்சினை இல்லை, பேச்சு சமையலறையும் குளியலறையும் பற்றி மட்டுமே.

விளம்பரத்தில் 'தனிச் சமையலறை' என்று போட்டிருக்கும், நேரில் வேறு கதையாக இருக்கும். மேல் சமையலறையில் மீன் வாசம் ஏறக் கூடாது என்று கீழே இரண்டாவது அடுப்பு வைத்து, பொரிப்பதையெல்லாம் அங்கே வந்து செய்யும் வீடுகள் உண்டு. வீடு பார்க்கப் போகும்போது அடுப்புக்கு மேல் அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். காலியாக இருக்க வேண்டிய அலமாரியில் ஐந்து கிலோ மிளகாய்த்தூள் டப்பாவும், எண்ணெய் இறங்கிய பெரிய தாச்சியும், ஃப்ரீசரில் பெயர் எழுதிய மீன் பைகளும் இருந்தால் அது உங்கள் சமையலறை இல்லை. பின்னால் தகராறு என்று வந்தால் 'பொதுச் சமையலறைதானே' என்று வீட்டுக்காரர் அதையே காட்டுவார்.

இதை வாயால் கேட்காதீர்கள், குறுஞ்செய்தியில் கேளுங்கள்: "சமையலறையும் குளியலறையும் எங்கள் பயன்பாட்டுக்கு மட்டும்தானே? மேலே இருக்கும் உங்கள் குடும்பத்தினர் அவற்றைப் பயன்படுத்த மாட்டீர்கள்தானே?" 'ஆம்' என்ற பதில் போனில் இருக்கட்டும். ஒப்பந்தத்திலும் அதே வரி வர வேண்டும்.

படி 4: வீட்டுக்காரர் பேச்சு

வருமானச் சான்று, கடன் மதிப்பெண், முந்தைய வீட்டுக்காரர் பரிந்துரை இவற்றை வீட்டுக்காரர் கேட்கலாம். கல்யாணம் ஆகிவிட்டதா, இரண்டு ஆண்கள் ஏன் ஒரே படுக்கையறை எடுக்கிறீர்கள் என்பவை விண்ணப்பத்தில் வரக்கூடாத கேள்விகள். உறவைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் எத்தனை பேர் குடியிருக்கப் போகிறீர்கள் என்பதில் பொய் சொல்லாதீர்கள். அது பின்னால் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

தமிழ் வீட்டுக்காரரிடம் இன்னொரு கேள்வி வரும்: "ஊரில எவடம்?" சட்டப்படி அதில் தவறு இல்லை, அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் ஊரும் அப்பா பெயரும் சொன்னால் பத்தாவது நிமிடம் உங்கள் பெரியம்மாவைத் தெரிந்த ஒருவர் பெயர் வந்துவிடும். மறைவாக வாழ நினைப்பவருக்கு இதைச் சமாளிக்கும் சாமர்த்தியம் வேண்டாம், இந்தக் கேள்வியே வராத வீடு போதும். என் பரிந்துரை: முதல் ஒரு வருடத்துக்கு, வாடகைக்கென்றே கட்டப்பட்டு, நிறுவனம் நிர்வகிக்கும் அடுக்குமாடி. விண்ணப்பப் படிவம், காசு, சாவி, அவ்வளவுதான். குறைந்தது மூன்று மாடியும் பத்து வீடும் உள்ள அத்தகைய கட்டடங்களை நகராட்சி 'ரென்ட்சேஃப்டிஓ' திட்டத்தில் ஆய்வு செய்து மதிப்பெண் வெளியிடுகிறது. கட்டட முகவரியைப் போட்டுப் பார்த்துவிட்டே போங்கள். கிஜிஜி விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேசிலும் தேடலாம். ஆனால் உள்ளே கால் வைக்காத வீட்டுக்கு இ-ட்ரான்ஸ்ஃபரில் பணம் அனுப்பவே கூடாது.

படி 5: ஒப்பந்தம்

2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு ஒன்டாரியோ அரசின் நிலையான ஒப்பந்தப் படிவமே கட்டாயம். முன்பணம் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் மட்டும். சேத வைப்புத்தொகை கேட்பது சட்டவிரோதம். பழுதுபார்க்க உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும், வருவதும் காலை 8 முதல் இரவு 8-க்குள். 'இரவில் விருந்தாளி தங்கக் கூடாது' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தாலும் செல்லாது. காதலரை அழைத்துவரத் தயங்குபவர்கள் இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோடியாகப் போனால் இரண்டு பெயரும் ஒப்பந்தத்தில் வரட்டும். 'ஒருவர் பெயர் போதும், யாரும் கேட்க மாட்டார்கள்' என்று ஒரு பெயரோடு நிறுத்துவது பலர் செய்யும் தவறு. பெயர் இல்லாதவர் வீட்டில் குடியிருப்பவர் மட்டுமே. பிரிந்தாலோ, வீட்டிலிருந்து நெருக்கடி வந்தாலோ முதலில் தெருவுக்கு வருவது அவர்தான். இதன் மறுபக்கம்: இரண்டு பேரும் கையெழுத்திட்டால் முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு.

கட்டட வாசலில் இருக்கும் பஸ்ஸர் பலகையையும், அதாவது வருபவர் வீட்டை அழைக்கும் பலகையையும், கவனியுங்கள். பல கட்டடங்களில் வீட்டு எண்ணோடு குடியிருப்பவர் பெயரும் ஓடும். தமிழ்ப் பெயர் நீளமானது, கண்ணில் படும், ஒரே வரியில் இரண்டு ஆண் பெயர் இருந்தால் இன்னும் படும். சாவி வாங்கும் அன்றே எண்ணோ முதலெழுத்தோ மட்டும் போடச் சொல்லுங்கள்.

படி 6: இரண்டு தடவை போய்ப் பாருங்கள்

ஒரு வேலைநாள் மாலை 7 மணி, ஒரு சனிக்கிழமை இரவு 11 மணி. ஜூனில் பார்த்த கொடியை நம்பாதீர்கள், அந்த மாதம் வங்கிக் கிளைகூடக் கொடி கட்டும். கூகுள் ஸ்ட்ரீட் வியூவிலும் படம் எடுத்த மாதம் மூலையில் இருக்கும், ஜூன் என்றால் தள்ளிப் பாருங்கள். அருகிலுள்ள மருந்துக் கடைக்குப் போன் செய்து எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் ப்ரெப் மாத்திரை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆள் பதில் சொல்லும் தொனியிலேயே பாதி தெரிந்துவிடும். குடும்ப மருத்துவருக்கு ஷெர்போர்ன் தெரு 333-இல் உள்ள ஷெர்போர்ன் ஹெல்த்தில் விசாரிக்கலாம், பால்புதுமையினர் மருத்துவம் அவர்களுக்குப் புதிதல்ல. தெற்காசியர்களிடையே எய்ட்ஸ் தடுப்புக்கென்று 1989-இல் தொடங்கிய அசாப் (ASAAP) அமைப்பும் இருக்கிறது.

பிற்சேர்க்கை 1: அறை மட்டும் எடுப்பவர்களுக்கு. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளைத் தனித்தனியாக விடும் வீட்டுக்கு 2024 மார்ச் 31 முதல் நகரம் முழுவதும் உரிமம் வேண்டும். அதற்கு முன் ஸ்காபரோவில் இப்படி விடுவதே தடை. உரிமம் இல்லாத வீட்டை நகராட்சி மூடினால் அலைவது நீங்கள்தான், உரிமம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

பிற்சேர்க்கை 2: வில்லேஜைச் சுற்றிப் புதுக் காண்டோக்கள் (வீட்டுக்கு வீடு தனி உரிமையாளர் உள்ள அடுக்குமாடிகள்) முளைக்கின்றன. 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேற்றம் நடந்த கட்டடங்களுக்கு வருடாந்திர வாடகை உயர்வு உச்சவரம்பு இல்லை. மற்ற வீடுகளுக்கு 2025-இல் அது 2.5 சதவீதம், 2026-இல் 2.1. 'முதல் வருடம் சலுகை' என்று அழைக்கும் புதுக் கட்டடத்தில், இரண்டாம் வருடம் முந்நூறு டாலர் ஏற்றினாலும் கேட்க முடியாது. கட்டடம் எந்த வருடத்தது என்று முதல் போன் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை 3: யாராவது மறுத்தால், அந்த விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் அழிவதற்கு முன் படமெடுத்து வையுங்கள். மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மனித உரிமைச் சட்ட உதவி மையத்தின் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

சர்ச் தெருவிலேயே வீடு கிடைத்துவிட்டால், ஜூன் கடைசி வார இறுதியில் குடிபோக நாள் குறிக்காதீர்கள். ப்ரைட் ஊர்வலத்துக்காகத் தெருக்களை அடைத்திருப்பார்கள், சாமான் லாரி உள்ளே வராது.