பாசன நீருக்கு விலை வைத்தால் பண்ணையின் வரவுசெலவு எப்படி மாறும்? கணக்கிடும் முறை

நீர்க்கட்டணம் உயரும்போது, புதிய கட்டணத்திலிருந்து பழையதைக் கழித்து, அந்த வேறுபாட்டையே நட்டமாக எழுதிக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கு பெரும்பாலும் பிசகிவிடும். கட்டணம் எவ்வளவு என்பதற்கு முன்பாக, அது எதன்மீது விதிக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எக்டேருக்கு இவ்வளவு என்று பரப்பின்மீது விதிக்கப்படும் கட்டணம், பயிர் வைத்தபின் மாறாத செலவாகிவிடுகிறது. ஒரு தண்ணீர் கூடுதலாகப் பாய்ச்சினாலும் குறைத்தாலும் அது மாறாததால், வருமானத்தைக் குறைக்குமே தவிர நீர்ப் பயன்பாட்டைக் குறைக்காது. கன மீட்டர் கணக்கிலோ, மதகு திறந்திருக்கும் மணிக் கணக்கிலோ வசூலிக்கப்படும் கட்டணம்தான் ஒவ்வொரு பாய்ச்சலின்போதும் கணக்கில் வரும்.

அடுத்து, பயிருக்கு உண்மையில் எவ்வளவு நீர் போகிறது என்று கணக்கிடுங்கள். ஒரு எக்டேரில் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் அது 10 கன மீட்டர். மழை போக 480 மில்லிமீட்டர் தேவைப்படும் பயிருக்கு, வாய்க்கால் பாசனத்தின் திறன் (எடுக்கும் நீரில் பயிருக்குப் பயன்படும் பங்கு) 60 விழுக்காடு என்றால், 800 மில்லிமீட்டர், அதாவது எக்டேருக்கு 8,000 கன மீட்டர் எடுக்க வேண்டியிருக்கும்.

இனி, முழுக் கணக்கும் நிற்கும் இடத்துக்கு வருவோம். பயிரின் மொத்த வரவிலிருந்து நீரைத் தவிர மற்ற எல்லாச் செலவுகளையும் கழியுங்கள். குடும்பத்தார் உழைப்புக்கும் சொந்த நிலத்துக்கும் ஒரு மதிப்பைப் போட்டே கழிக்க வேண்டும், இல்லையேல் நீரின் மதிப்பு பொய்யாக உயர்ந்து நிற்கும். எடுத்துக்காட்டாக, வரவு 3,000 பண அலகு, பிற செலவுகள் 2,200 என்று வைத்துக்கொண்டால் எஞ்சுவது 800. அதை 8,000-ஆல் வகுத்தால், ஒரு கன மீட்டருக்கு இந்தப் பயிர் அதிகபட்சம் 0.10 அலகு வரை தாங்கும். விலை 0.02 என்றால் எஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 160 அலகு போகும்; ஆனால் பயிரை மாற்ற இன்னும் காரணம் எழவில்லை. விலை 0.10-ஐத் தாண்டினால் அந்தப் பயிர் வயலில் நிற்காது. குறைந்த விலைகளில் நீர்ப் பயன்பாடு அசையாமலும் வருமானம் மட்டும் தேய்ந்தும் போவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். இக்கணக்கைப் பயிர்வாரியாகப் போடுங்கள், ஏனெனில் எந்தப் பயிர் முதலில் கைவிடப்படும் என்பது அப்போதுதான் தெரியவரும்.

சொட்டுநீருக்கு மாறுவதையும் இதே அளவுகோலால் நிறுத்துப் பார்க்கலாம். திறன் 90 விழுக்காடானால் தேவை சுமார் 5,333 கன மீட்டராக இறங்கி, 2,667 கன மீட்டர் மிச்சமாகும். கருவிக்கு ஆண்டுச் செலவு 120 அலகு என்றால், நீர்விலை 0.045-ஐத் தொடும்வரை அந்த முதலீடு நீர்ச் சேமிப்பால் மட்டும் திரும்பாது. விளைச்சல் உயர்வும் ஆள்கூலிக் குறைவும் சேர்ந்தால் முன்பே திரும்பலாம், அவற்றைத் தனி வரியில் எழுதுங்கள். நிலத்தடி நீரை இறைப்பவர்கள் மின்செலவை மறந்துவிடக் கூடாது: 1 கன மீட்டர் நீரை 50 மீட்டர் ஏற்ற, பம்பின் மொத்தத் திறன் பாதியாக இருந்தால், ஏறத்தாழ 0.27 கிலோவாட் மணி செலவாகும். கட்டணமே இல்லாதபோதும் இந்த நீருக்கு ஒரு விலை இருக்கிறது.

மேலே கிடைத்த 0.10 என்பது சராசரி மதிப்பு. பூக்கும் பருவத்தில் தவறிய பாய்ச்சலின் இழப்பும், அறுவடைக்குச் சற்று முன் தவறிய பாய்ச்சலின் இழப்பும் ஒன்றல்ல. எனவே கட்டணம் உயரும்போது முதலில் வெட்டப்படுவது மிகக் குறைந்த பலன் தரும் கடைசிப் பாய்ச்சலாகவே இருக்கும், அதற்கான மதிப்பைத் தனியே கணிப்பது நல்லது.

சுமை யார் தலையில் விழுகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டியது. உயர்ந்த கட்டணம் நிரந்தரமானால், நிலத்தின் விற்பனை மதிப்பும் குத்தகையும் காலப்போக்கில் இறங்கும். ஆனால் ஒப்பந்தம் முடியும்வரை குத்தகைக்காரரே அதைச் சுமப்பார். மேலும், சேமித்த நீரைக் கொண்டு பரப்பை விரித்தால் பண்ணையின் வருமானம் உயரலாம், ஆனால் முன்பு வயலில் வடிந்து கீழ்ப்பகுதிக் கிணறுகளுக்குச் சென்ற நீர் குறையும் என்பதால், பண்ணையின் கணக்கில் சேமிப்பாகத் தெரிவது பாசனப் பகுதி முழுமைக்கும் சேமிப்பாக இராது. இந்த வேறுபாட்டைக் காண, ஓடிய நீரின் அளவை விட்டுவிட்டுப் பயிர் ஆவியாக்கிய நீரின் அளவைத் தனி நிரலில் வைத்து, கட்டண உயர்வுக்கு முன்னும் பின்னுமாக ஒப்பிட வேண்டும்.