டேங்க் எத்தனை லிட்டர்? வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாக வேலைக்கு வந்த தம்பியிடம் எர்டிகா சாவியைக் கொடுக்கும் முன் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "இந்த வண்டிக்கு டேங்க் எத்தனை லிட்டர்?"

"ஃபுல் பண்ணா நாலாயிரத்து ஐந்நூறு கிட்ட ஆகும்ணே" என்றார்.

ரூபாய் வேண்டாம், லிட்டர் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏழு சீட்டு வண்டிதானே, இன்னோவா மாதிரி 55 இருக்கும்" என்றார். எர்டிகாவுக்கு 45 லிட்டர். பத்து லிட்டர் வித்தியாசம்! நல்ல ஓட்டுநர் அவர். ராமேஸ்வரத்தில் தை அமாவாசைக் கூட்டத்துக்குள் ஒரு கீறல் இல்லாமல் வண்டியை எடுத்து வரக்கூடியவர். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில், சில வருடங்களுக்கு முன்பு நான் இருந்த இடத்தில்தான் நிற்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போடாதீர்கள், பங்க்கில் போன் பேசாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரூபாயில் கணக்கு வைப்பது

"ரெண்டாயிரத்துக்குப் போடுங்க" என்று சொல்லியே பழகிவிட்டோம். டீசல் லிட்டர் 55 ரூபாய்க்கு விற்ற காலத்தில் 2000 ரூபாய்க்கு 36 லிட்டர் வந்தது. விலை 90-ஐத் தாண்டிய பிறகு அதே பணத்துக்கு 22 லிட்டர்தான். ரூபாயை வைத்து "ரெண்டாயிரத்துக்குப் போட்டால் மதுரை போய்த் திரும்பலாம்" என்று மனதில் பதிய வைத்தவர்களுக்கு விலை ஏற ஏறக் கணக்கு தவறிக்கொண்டே வரும். வண்டி லிட்டரில்தான் ஓடுகிறது.

மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகில் போகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். எத்தனை லிட்டர் இருக்கிறது, எத்தனை மணி நேரம் இன்ஜின் ஓடும், இந்த இரண்டும் தெரியாமல் கரையை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். நடுக்கடலில் பங்க் கிடையாது. சாயல்குடிக்கு அந்தப் பக்கம் நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். நம் ஓட்டுநர்களுக்கு அந்தப் பழக்கம் வரவில்லையே என்று எனக்கு ரொம்ப நாளாக வருத்தம்.

பெயர் ஒன்றுதானே என்று பழைய மாடலின் அளவை நம்புவது

என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கரைத்ததும் இதுதான்.

காரின் பெயர் மாறாது, டேங்க் மாறும். டிசையரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 வரை வந்த மாடலில் டேங்க் 42 லிட்டர். அந்த வருடம் வந்த புது மாடலில் 37. ஸ்விஃப்ட்டிலும் இதே கதை. ஆல்டோ 800-இல் 35 லிட்டர் இருந்தது, 2022-இல் வந்த புது ஆல்டோ கே10-இல் 27 லிட்டர்தான். வண்டியின் எடையைக் குறைக்கிறார்கள், மைலேஜ் கூடுகிறது, டேங்க்கும் சிறிதாகிறது. அதில் தப்பில்லை. பழைய வண்டியில் பழகிய நம் கணக்குதான் மாறாமல் நிற்கிறது.

பழைய டிசையரை ஐந்து வருடம் ஓட்டிய கை என்னுடையது. முதலாளி புது மாடல் டீசல் வண்டியை வாங்கி என்னிடம் கொடுத்தார். டேங்க் அளவைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. டிசையர் என்றால் 42 என்றே இருந்தேன்.

ராமநாதபுரத்தில் டேங்க் நிரப்பிக்கொண்டு மதுரை விமான நிலையம் போனேன். வயதான அம்மா, அவர் மகன், மருமகள், பேரன் என்று நான்கு பேர். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, மறுநாள் திருச்செந்தூர். முருகனைக் கும்பிட்டுவிட்டு இரவோடு இரவாக ராமநாதபுரம் திரும்பி, அதிகாலையில் அவர்களை ரயில் ஏற்ற வேண்டும். திருச்செந்தூர் சேரும்போது டிரிப் மீட்டரில் ஏறக்குறைய 565 கிலோமீட்டர். ஏசி போட்டு முழு ஆளோடு லிட்டருக்கு 18 கிடைத்தது. 42 லிட்டருக்கு 756 கிலோமீட்டர். ராமநாதபுரம் வரை போக மொத்தம் 725. போய்விடலாம் என்று முடிவு செய்தேன். முதலாளிக்குக் கணக்கு இருந்த பங்க் ராமநாதபுரத்தில்தான். வெளியே கைக்காசு போட்டு பில் வாங்கி, அப்புறம் அதை வசூல் செய்யும் வேலை வேண்டாம் என்பதும் மனதில் இருந்தது.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில், டீசல் குறைவு என்று எச்சரிக்கும் விளக்கு எரிந்தது. அங்கே எத்தனையோ பங்க் திறந்திருந்தது. "இன்னும் கணக்குப்படி எட்டு லிட்டருக்கு மேல் இருக்குமே" என்று தாண்டி வந்தேன். உண்மையான கணக்கு என்ன? 37 லிட்டருக்கு 666 கிலோமீட்டர். வேம்பார் தாண்டி சாயல்குடிக்கு முன்னால் வண்டி இரண்டு முறை இழுத்து இழுத்து நின்றுவிட்டது. மணி பதினொன்றரை. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. பின்சீட்டில் அந்த அம்மா, "என்னப்பா, டயரா?" என்று கேட்டார். டீசல் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மீன் ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, கேனில் இருந்த ஐந்து லிட்டரைக் கொடுத்தார். ஊற்றிவிட்டு சாவியைத் திருப்பினேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தேன். பேட்டரியும் போனது. விடியற்காலையில் சாயல்குடியிலிருந்து மெக்கானிக் வந்து டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்து, வண்டியைக் கிளப்பினார். அவர்கள் ரயில் அதற்கு முன்பே போய்விட்டது.

அத்தோடு முடியவில்லை. சில வாரங்களில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது, ஓடும்போது புகை தள்ளியது. பிரித்துப் பார்த்தால் பம்பும் இன்ஜெக்டரும் அடிபட்டிருந்தன. தவறு என்னுடையது என்பதால் செலவில் பெரும்பங்கை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு மாதம் வீட்டில் கையில் ஒன்றும் கொடுக்க முடியவில்லை.

ஏன் இவ்வளவு செலவு? இப்போதைய டீசல் இன்ஜினில் உயரழுத்த பம்ப், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் டீசலைத் தள்ளுகிறது. அந்த பம்பின் உள் பாகங்களுக்கு மசகு அந்த டீசலேதான், வேறு எண்ணெய் கிடையாது. டீசல் தீர்ந்து காற்று உள்ளே போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். உரசி உதிரும் துகள் இன்ஜெக்டருக்குப் போகும். இன்ஜெக்டரின் துளை மிக மிக மெல்லியதாக இருக்கும், அதற்குள் துகள் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். டேங்க்கின் அடியில் தங்கிய கசடும் தண்ணீரும் கடைசிச் சொட்டோடு சேர்ந்துதான் இழுபடும். பெட்ரோல் வண்டி தப்பித்தது என்று நினைக்காதீர்கள். அதில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது, அந்தப் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.

டீசல் வண்டி காலியாகி நின்றுவிட்டால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். குறைந்தது ஐந்து லிட்டர் ஊற்றுங்கள். கைப்பம்ப் உள்ள வண்டி என்றால் அது கெட்டியாகும் வரை அமுக்கி ஏர் எடுங்கள். இல்லாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அளவை எங்கே பார்ப்பது? வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது. அந்த மாடல், அந்த வருடம், பெட்ரோலா டீசலா என்று பார்த்து அந்த எண்ணை எடுங்கள். பக்கத்து வண்டி ஓட்டுநர் சொன்னதை எடுக்காதீர்கள். அப்புறம் நீங்களே ஒருமுறை சோதியுங்கள். விளக்கு எரிந்தவுடன் நேராக பங்க்குக்குப் போய், எரிபொருள் ஊற்றும் குழாய் முனை (நாசில்) தானாக நிற்கும் வரை நிரப்பி, பில்லில் உள்ள லிட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 37 லிட்டர் டேங்க்கில் 31 பிடித்தால், விளக்கு எரியும்போது சுமார் 6 லிட்டர் மிச்சம். மூன்று முறை பார்த்தால் உங்கள் வண்டியின் பழக்கம் தெரிந்துவிடும். என் மூன்று வண்டியிலும் ஸ்டியரிங் பக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

விளக்கு எரிந்த பிறகு தனுஷ்கோடி போவது

போகாதீர்கள். ராமேஸ்வரம் ஊரைத் தாண்டினால், தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனை வரை பங்க் இல்லை. போக வர 40 கிலோமீட்டர். விடுமுறை நாளில் அரிச்சல்முனையில் வண்டி வரிசையில் ஏசியோடு ஒரு மணி நேரம் நின்றால், ஒரு கிலோமீட்டர் நகராமலே ஏறக்குறைய ஒரு லிட்டர் போய்விடும்.

"இன்னும் 90 கிலோமீட்டர் ஓடும்" என்று திரை காட்டுவதை அப்படியே நம்புவது

கடைசியாக ஓடிய ஓட்டத்தை வைத்துத்தான் வண்டி அந்த எண்ணைப் போடுகிறது. ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாக ஒரே சீராக வந்தால் எண் அழகாக இருக்கும். கோவில் வீதிகளில் முதல் கியரில் ஊர்ந்தால் மளமளவென்று இறங்கும். எரிபொருள் மீட்டரின் முள்ளும் அப்படித்தான். டேங்க்கின் உருவம் மேலும் கீழும் ஒரே அகலமில்லை, உள்ளே மிதவை சாய்வாக ஏறி இறங்குகிறது. பல வண்டிகளில் மேல் பாதி மெதுவாகவும் கீழ் பாதி வேகமாகவும் இறங்குவது அதனால்தான். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. மைலேஜ் கொஞ்சம் குறையும், அதனால் பெட்ரோல் வண்டிக்குப் பழைய கிலோமீட்டர் கணக்கையும் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

37 லிட்டர் டேங்க்கில் 40 லிட்டர் பிடித்தது என்று சண்டைக்குப் போவது

கீழக்கரைப் பக்கம் ஒரு பங்க்கில் நானே இப்படிச் சத்தம் போட்டிருக்கிறேன். அந்தப் பையனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். கையேட்டில் போட்டிருப்பது கம்பெனி அறிவிக்கும் அளவு. எரிபொருள் சூட்டில் விரிவதற்கும் ஆவிக்கும் டேங்க்கில் மேலே இடம் விடுகிறார்கள். வாய்க்குழாயிலும் கொஞ்சம் நிற்கும். அதனால் அறிவித்ததை விட இரண்டு மூன்று லிட்டர் கூடப் பிடிப்பது நடக்கக்கூடியதுதான்.

சந்தேகம் என்றால் சண்டை போடாமல் சோதனை கேளுங்கள். முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை எல்லா பங்க்கிலும் இருக்க வேண்டும், கேட்டால் உங்கள் கண் முன்னால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய வரலாம் என்பது விதி. அதற்கு மேல் குறைந்தால் புகார் கொடுங்கள்.

அந்தக் கூடுதல் இடத்தை மட்டும் உங்கள் பயணக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நாசில் நின்ற பிறகும் "ரவுண்டாக" நிரப்புவது

விட்டுவிடுங்கள். பெட்ரோல் வண்டியில் ஆவியைப் பிடித்து வைக்கும் கரித்தூள் டப்பா ஒன்று இருக்கிறது. கழுத்து வரை நிரப்பினால் அதற்குள் பெட்ரோலே போய்விடும், டப்பா கெடும். முதல் முறை நாசில் நிற்கும் இடத்தில் நிறுத்தினால்தான் போன பில்லையும் இந்தப் பில்லையும் ஒப்பிட்டு மைலேஜ் சரியாகப் பார்க்க முடியும்.

மூடி எந்தப் பக்கம் என்று இறங்கிப் பார்ப்பது

மீட்டரில் பங்க் படத்துக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அது காட்டும் பக்கம்.